கவசத்துக்கு மூணு விரல் கூட

போலீஸ்காரருக்குத் தைப்பதில் ஒரே கஷ்டம்தான்: அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார், போட்டுப் பார்க்கும்போது விட்டுவிடுவார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடைத்த கிட்டங்கிகளுக்கு நடுவே என் கடை. காக்கி தைத்தே கிழவனாகிவிட்டேன். போலீஸை நம்பிப் பிழைக்கிறவர்களும் போலீஸைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்புகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் பாடு ஒன்றுதான். அதனால் சொல்கிறேன்.

கறுப்பு மூட்டை

காக்கி மட்டும் இருந்தவரை தொல்லையில்லை. பிறகு கறுப்பு வந்தது. மார்புக்கும் முதுகுக்கும் கெட்டிப் பலகை வைத்த சட்டை. தோளுக்கு, முழங்கைக்கு, முட்டிக்கு, கணுக்காலுக்கு என்று தனித்தனி ஓடு. கண்ணாடி இறங்கிய ஹெல்மெட். பார்த்தால் எல்லைக்குச் சண்டைக்குப் போகிற ஆளுக்குச் செய்தது போல இருக்கும். எங்கோ வடக்கே எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்து அனுப்பிவிட்டார்கள். அந்த அளவுக்கு உடம்புள்ள ஆள் இங்குள்ள போலீஸ் கேம்ப்பில் ஒருவர்கூட இல்லை. கேம்ப் தையல்காரர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மூட்டை என் தலையில் விழுந்தது.

முதலில் வந்த போலீஸ்காரர் ஜோமோன். பெரிய உடம்பு, நல்ல சிரிப்பு. இடுப்புப் பட்டை எட்டவில்லை என்றார். முழுசாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டார், ஹெல்மெட்டை மாட்டினார், கண்ணாடியை இறக்கினார். ஜோமோனைக் காணோம். என் கடையில் வேறு எவனோ நின்றான். பள்ளிக்கூட யூனிபார்ம் வாங்க வந்த ஒரு சேச்சி படியில் கால் வைத்தாள், பார்த்தாள், அப்படியே திரும்பிப் போய்விட்டாள். தைத்த துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஜோமோனின் போன் கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தார். பலகை வயிற்றில் முட்டியது. உட்காரப் பார்த்தார். முட்டி ஓடு மடங்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மிகவும் மரியாதையான குரல் வந்தது. “அண்ணாச்சி, ஆ போன் ஒண்ணு எடுத்துத் தருமோ?”

எதிர்த்த நடைபாதை

அண்ணாச்சி என்பது என் பெயரல்ல. எங்கள் குடும்பம் இங்கே வந்து மூன்று தலைமுறையாகிறது. இருந்தாலும் தமிழன் என்றால் அண்ணாச்சி. கடையில் எனக்கு உதவியாக இருக்கும் செல்வியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவள் தென்காசிப் பக்கம், மரியாதைக்குச் சொல்கிறாள். போலீஸ் அடையாளத்துக்குச் சொல்கிறது. கனத்த துணி தைக்கும் மெஷினைச் செல்வி என்னைவிட நன்றாக ஓட்டுவாள். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

அவளுடைய அக்கா பேச்சியம்மாள். என் கடைக்கு எதிரே பூட்டிக் கிடக்கிற கிட்டங்கியின் முன்னால் நடைபாதையில் கீரை, முருங்கைக்காய், வாழையிலை விற்கிறாள். பக்கத்தில் இன்னும் சில தமிழ்ப் பெண்கள். பேச்சியின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்தவன். வீட்டுக்கு அந்தக் கீரைக்கூடைதான் கதி.

நடைபாதையைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. இடம் போவதில்கூட அவளுக்குப் பெரிய பயமில்லை. கிட்டங்கியை ஒட்டிய சந்தில் சுவரோரமாக இடம் கேட்டிருந்தாள். கவுன்சிலரும் பார்க்கலாம் என்றிருந்தார். பயமெல்லாம் கூடைக்கும் தராசுக்கும்தான். முன்பு தோப்பும்படிப் பக்கம் ஒரு தெருவோரத்தைக் காலி செய்தபோது அவள் அங்கே கடை போட்டிருந்தாள். கறுப்புச் சட்டைப் போலீஸ்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கி வரிசையாக நின்றார்கள். அவ்வளவுதான். யாரையும் யாரும் தொடவில்லை. பார்த்ததுமே ஜனம் ஓடியது. ஓடிய கால்களில் மீனும் காயும் தராசுகளும் நசுங்கின. அவளுடைய தராசும் போயிற்று. இந்தத் தடவையும் தராசு போனால் எழுந்திருக்க முடியாது என்றாள்.

ஒருவனும் அடிக்காதபோது எதற்கு ஓடினாய் என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன். பேச்சி நின்று பதில் சொன்னாள். “அடிக்க வாறவன் மூஞ்சி தெரிஞ்சா நின்னு கெஞ்சலாம், இல்ல வையலாம். இதுல யார்ட்டன்னு போய்க் கெஞ்ச?”

ஹெல்மெட்டுக்குள் கடல்

ரதீஷ் சின்ன வயசு. அவர் கொண்டுவந்த சட்டையை மேஜையில் வைக்க விடவில்லை, வாசலில் தொங்கவிடச் சொன்னேன். அப்படி ஒரு வாடை. எங்கள் ஊர் ஈரக்காற்றில் கைக்குட்டையே காயாது. இது பஞ்சும் ரப்பரும் அடைத்தது. உள்துணி பூசணம் பிடித்து, போட்ட ஆளுக்கு முதுகெல்லாம் வியர்வைக் கட்டி. வெல்க்ரோ ஒட்டுப் பட்டையில் நூலும் மயிரும் சேர்ந்து பிடிப்பே இல்லை. பரேடில் மூச்சு விட்டபோது ஒரு பக்கம் தானாகத் திறந்துகொண்டதாம்.

செல்வி யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். அன்று பேசினாள். ஒரு பொம்பளை, தராசு இருக்கு, மிதிச்சிராதீங்க என்று கத்தினால் உங்களுக்குக் கேட்குமா என்று ரதீஷிடம் கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. யோசித்து, உள்ளதைச் சொன்னார். “ஹெல்மெட் போட்டா காதுல கடல் இரையற போல சேச்சி. சத்தம்னு அறியும், என்னன்னு மனசிலாகாது.”

கும்பளங்கி நாய்

சுகுமாரனுக்குப் பென்ஷன் நெருங்குகிறது. வரும்போதே தைல வாசனை வரும். முதுகுவலி. பட்டையை இறுக்கினால் நிற்க முடியவில்லை, தளர்த்தினால் பலகை இறங்கி இடுப்பெலும்பில் உட்காருகிறது. கேம்ப்பில் பலமுறை சொல்லிவிட்டார். இதைப் போட்டுக்கொண்டு நின்றாலே பாதி வேலை முடிந்தது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நின்றால் போதும் என்றார்களாம். அப்படி நிற்பதுதான் முடியவில்லை என்பது அவர்களுக்கு ஏறவில்லை.

பட்டையைப் பிரித்து மாற்றி வைக்கலாம் என்றேன். இரண்டு ஊசி உடைந்தது. ஊசி மாற்றும்போது ஒரு கதை சொன்னார். ஒரு நாள் டியூட்டி முடிந்து நேரே இதோடு கும்பளங்கியிலுள்ள வீட்டுக்குப் போயிருக்கிறார். மனைவி சிரித்திருக்கிறாள். அது பரவாயில்லையாம். எதுதான் பரவாயில்லாமல் போனது என்று கேட்டேன். “நாய் குரைச்சு, அண்ணாச்சி. அதுக்குச் சோறு போடறது நானாக்கும்.”

வெள்ளைத் துண்டு

எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. கலந்துபோனால் தொலைந்தோம். எங்கள் வழக்கம் இது: சட்டை வந்ததும் ஒரு வெள்ளைத் துணித்துண்டில் பேரும் வேலையும் எழுதி முதுகில் ஓட்டுத் தையல் போட்டுவிடுவோம். முன்பக்கம் முழுக்க ஒட்டுப் பட்டை, இடம் கிடையாது. ஆள் வந்து போட்டுப் பார்த்துச் சரி என்றதும் துண்டைப் பிரித்து எடுப்போம். எழுதுவது செல்வி. தமிழில்தான் எழுதுவாள், எங்கள் இருவருக்கும் புரிந்தால் போதும். ‘ஜோமோன் – தொப்பை, மூணு விரல் கூட.’ ‘ரதீஷ் – வியர்வைக் கட்டி, உள்துணி மாத்து.’ ‘சுகுமாரன் – முதுகுவலி, இறுக்காதே.’

ஒரு சாயங்காலம் கேம்ப் ஜீப் டிரைவர் வந்து எல்லாவற்றையும் இப்போதே கொடு என்றார். ஆள் வராமல் கொடுக்க மாட்டேன், போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். காலையில் டியூட்டி, போட்டுப் பார்க்க நேரமில்லை என்றார். எங்கே டியூட்டி என்று கேட்டேன். எதிர்த்த நடைபாதையைக் கையால் காட்டினார். செல்வியின் மெஷின் நின்றது. மறுபடி மிதித்து மிச்சத்தை முடித்தாள். டிரைவர் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சாக்கில் திணித்துக்கொண்டு போனார்.

கடையைப் பெருக்கும்போதுதான் கவனித்தோம். தரையில் ஒரு வெள்ளைத் துண்டுகூட இல்லை. டிரைவருக்குப் போன் செய்து, முதுகில் இருப்பதையெல்லாம் பிய்த்து எறியச் சொன்னேன். அவர் கேம்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர். “சர்க்கார் சாமானத்துல ஒட்டியிருக்கறது எதையும் ஞான் பிய்க்கில்ல, அண்ணாச்சி. பிறகு விளக்கம் எழுதறது யாரு?”

முதுகு தெரிந்தது

காலையில் நான் எதிர்த்த நடைபாதையில் பேச்சியின் பக்கம் நிற்கும்போதே வண்டி வந்தது. இறங்கினார்கள். நான் பட்டை நீட்டிய சட்டைகள், நான் உள்துணி மாற்றியவை. கேடயம், லத்தி, இறக்கிய கண்ணாடி. யார் ஜோமோன், யார் ரதீஷ், எனக்கே தெரியவில்லை. என் பக்கத்தில் சில பெண்கள் கூடையை விட்டுவிட்டு ஏற்கனவே சந்துக்குள் ஓடத் தொடங்கினார்கள். பேச்சியம்மாள் தராசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள். செல்வி என் கடை வாசலில்.

இன்ஸ்பெக்டர் மைக்கில் ஏதோ சொன்னார். வரிசை அப்படியே திரும்பிச் சாலையைப் பார்த்து நின்றது, லாரியும் ஆட்டோவும் உள்ளே வராமல் தடுக்க. இப்போது முதுகெல்லாம் பெண்கள் பக்கம். கறுப்பில் வெள்ளைத் துண்டு பளிச்சென்று தெரிந்தது. வாழையிலை விற்கிற ஒருத்தி, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், உரக்கப் படித்தாள். ஜோமோன். தொப்பை. மூணு விரல் கூட. பிறகு யாரோ ஒருத்தி சிரித்தாள். ரதீஷின் கட்டியையும் படித்தார்கள். ஓடினவர்கள் சந்து முனையில் நின்றார்கள். நின்று திரும்பி வந்தார்கள், படிக்க.

கடல் இரைகிற ஹெல்மெட்டாம். சொந்தப் பேர் மட்டும் கேட்கும்போலிருக்கிறது. ஜோமோன் திரும்பிப் பார்த்துக் கண்ணாடியைத் தூக்கினார், அங்கே அதே பழைய முகம். பெண்களின் சாமான்களைச் சந்துக்குள் ஒதுக்கி வைக்கச் சொல்லி இரண்டு பேரை அனுப்பினார்கள். அதில் ஒருவர் பேச்சியின் கூடையருகே வந்து குனியப் பார்த்து, பாதியிலேயே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பேச்சி சுவரை விட்டு வந்தாள். சுற்றிப் போய் அவர் முதுகைப் படித்தாள். பிறகு முன்னால் வந்து, நெஞ்சோடு வைத்திருந்த தராசை அவர் கையில் கொடுத்தாள். “சுகுமாரண்ணே, முதுகுவலிக்காரரு குனியாதீக. கூடைய நான் தூக்கிக்கிடுதேன், நீங்க தராசைப் பிடிங்க.”

விசாரணை

நடைபாதை காலியாகத்தான் ஆயிற்று. உத்தரவு உத்தரவுதான். தராசு ஒன்றுகூட உடையவில்லை. சுகுமாரன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தராசை இரண்டு கையாலும் கோயில் பிரசாதம் போல ஏந்திச் சந்துக்குள் போனதை நான் பார்த்தேன்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். சர்க்கார் உடுப்பில் எழுதச் சொன்னது யார் என்றார். போட்டுப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனது யார் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாசித்து மலையாளத்தில் சொல்லச் சொன்னார். சட்டைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். வாசித்தேன். தொப்பை, கட்டி, முதுகுவலி. சுகுமாரனுடையதில் மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கடைசியில் அவருடையதே வந்தது. ‘பெரிய சார் – ஒரு தோள் இறக்கம், பஞ்சு வச்சு நிமித்து.’ வெளியே நின்றவர்கள் இருமினார்கள். அவர் எழுந்தார். “எல்லாம் பிரிச்சுடு. ஆத்யம் என்னோடது, பிறகு மத்தது.”

ஒன்று மட்டும்

பேச்சியம்மாள் இப்போது சந்தில் சுவரோரம் உட்காருகிறாள். சாலையில் நடந்த வியாபாரம் இல்லை. வாங்குகிறவர்கள் தேடி வர வேண்டியிருக்கிறது. தேடி வருகிறவர்களில் சுகுமாரன் ஒருவர். முருங்கைக்கீரை முதுகுக்கு நல்லது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நல்லதோ இல்லையோ, கட்டு கட்டாக வாங்குகிறார்.

போன வாரம் கீரைக்கட்டோடு என் கடைக்கு ஏறினார். துண்டைப் பிரித்தது தப்பு என்றார். மேலிடத்து உத்தரவு என்றேன். கேம்ப்பில் எத்தனையோ தடவை சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, எதிரே நின்ற ஒரு பொம்பளை முதுகைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள் என்றார். மறுபடி தைத்து வையுங்கள் என்றார். தமிழில் எழுதினால் பேச்சியம்மாளுக்கு மட்டும்தானே புரியும் என்றேன். அவர் அதையும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார். “மலையாளத்துலயும் ஒண்ணு எழுதித் தாங்க, அண்ணாச்சி. டியூட்டி போடற ரைட்டர் சார் வாசிக்கட்டே.”

வடக்கே எங்கோ உட்கார்ந்து இந்தக் கவசத்தைச் செய்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஊரெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது உங்கள் இஷ்டம், ஆனால் இடுப்புப் பட்டையை மூணு விரல் நீட்டி வையுங்கள், உடைவது என் ஊசி.