எங்கப்பா யாரென்று துரை கேட்டார்

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் துரையின் கார் எதிரே வந்தால், சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். குடையையும் மடக்கிவிட வேண்டும், மழை பெய்தாலும்தான். வெள்ளைக்காரர்களுக்குக் குடையைக் கண்டால் பயம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துரையை எதிர்த்துப் பேசிய பக்கத்து வீட்டுக்காரரின் சட்டிபானைகளை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே எறிந்து, குடும்பத்தையே தோட்டத்தைவிட்டு விரட்டியிருந்தார்கள்.

அம்மாவின் தம்பி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். தீபாவளிக்கு முன்பு சைக்கிளிலேயே எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை, வளையல் வாங்கித் தருவதாகச் சொல்லி என்னை முன்கம்பியில் உட்காரவைத்து கூலாய்க் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

"தொர காடி வந்தா எறங்கிடு மச்சான்" என்றார் அப்பா. மாமா சிரித்தார். தலையாட்டினாரா என்று நினைவில்லை.

செம்மண் பாதையின் வளைவில் கார் வந்தது.

"மாமா, எறங்குங்க மாமா, தொர!"

மாமா மணியை அடித்தபடி ஓரமாக ஒதுங்கி, காரைக் கடந்து போனார். பின்னால் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"ஏய்!"

மாமா சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். துரை கைத்தடியோடு நடந்து வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். அதில் கட்டளைகள் மட்டுமே இருந்தன.

"எறங்கு."

"ஓரமாத்தானே போனேன் தொர."

கைப்பிடியிலிருந்த மாமாவின் வலது கைமேல் தடி விழுந்தது. விரல் முட்டியில் தோல் பிளந்ததை மிக அருகில் பார்த்தேன். மாமா கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் விழுந்திருப்பேன்.

துரை என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ள அப்பன் பேரு என்ன? எந்த லயம்?"

எனக்குப் பதில் தெரிந்த கேள்விதான். வாயைத் திறந்தேன். மாமாவின் இடதுகை என் தோளை நெரித்தது.

"எம் மவ தொர. சிங்கப்பூர்லேருந்து எங்கூட வந்தவ. இந்தத் தோட்டத்துல எங்களுக்கு யாரும் இல்ல."

துரை என் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவர் கண்ணுக்கு ஒரே கறுப்புதான்.

"போ. திரும்ப வந்தா போலீஸு."

நாங்கள் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றார். மாமா பெரிய ரோடு வரை சைக்கிளை மிதித்தார். பிறகு மரங்களுக்குள் என்னை நடத்திக் கூட்டிவந்து, லயத்தின் பின்பக்கம் விட்டு, "ஓடு, அம்மாகிட்ட போ" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

நான் அழுதுகொண்டே ஓடினேன். மாமாவின் கையில் வழிந்த ரத்தத்துக்காக அல்ல. "மாமா என்னைய அவரு மவளுன்னு சொல்லிட்டாரு!" என்று முறையிட்டேன். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

நடந்ததையெல்லாம் கேட்ட அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ எம் பேரச் சொன்னியா?"

"இல்ல."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "இனிமே தொர கண்ணுல படாத. கேட்டாலும் நீ மாமா மவதான், புரியுதா?" என்றாள்.

புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்பாவின் வேலை போகவில்லை. அதே லயத்தில்தான் இருந்தோம். மாமா பிறகு தோட்டத்துப் பக்கம் வரவேயில்லை. கார்ச் சத்தம் கேட்டால் அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். என்னை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர் வந்து கூட்டிப்போகும்வரை ஒளித்துவைக்கிறார்கள் என்று எண்ணி, அந்த மழைக்காலம் முழுக்க அப்பாவை அப்பா என்று கூப்பிடாமலே இருந்தேன். அவரும் ஏனென்று கேட்கவில்லை.