காற்று வாங்கிய டீசல் என்ஜின்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகும் வழியில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் பள்ள வயல். போன கார்த்திகை மழையில், நட்டுப் பதினைந்து நாளான சம்பாப் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அவருடைய அண்ணன் வரப்பில் நின்று, "இன்னும் ரெண்டு நாள் தண்ணி நின்னா பயிரு அழுவிடும். பேசாம வயல குத்தகைக்கு உட்டுடும்மா. பொம்பள ஒண்டியா எத்தினி நாளைக்கு அல்லாடுவ?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பயிரு இன்னும் சாவல மாமா. செத்தப்புறம் வந்து பேசுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு, தண்ணீரை இறைக்க வழி பார்த்தேன். அந்த வருஷம் நானாக வாங்கிய, தண்ணீர் இறைக்கிற பெட்ரோல் என்ஜின் ஒன்று இருந்தது. ஒரு கையில் தூக்கலாம், கயிற்றை இழுத்தால் போதும். தீர்ந்துபோனால் ஊற்றிவிட்டு மறுபடி இழுக்கலாம். ஆனால் சாரலில், தீப்பொறி போடுகிற பிளக் நனைந்ததும் படுத்துக்கொண்டது சனியன். துடைத்துக் காயவைத்தால் அரை மணி ஓடும், திரும்பப் படுக்கும். குடிக்கிற பெட்ரோலுக்கும் கொட்டுகிற தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

கொட்டகையில் வீட்டுக்காரருடைய பழைய டீசல் என்ஜின் கிடந்தது. அதற்குப் பிளக்கே கிடையாது, நனைந்தாலும் கவலையில்லை. கனம்தான் ஜாஸ்தி. தள்ளுவண்டியோடு சேற்றில் தள்ளிக்கொண்டு போய், வறண்ட டேங்கில் டீசலை ஊற்றி, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். இருபது தடவை சுற்றியிருப்பேன். ம்ஹூம். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

சிதம்பரம் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"டேங்க் காலியா கெடந்துச்சா?"

"ஆமா, அதான் ஊத்திட்டேனே."

"அடக் கடவுளே! ஊத்துனதும் ஓட அது இன்னா பெட்ரோலா? கொழாய்ல காத்து நிக்குதும்மா. டீசல் பம்புகிட்ட இருக்குற நட்ட லூஸ் பண்ணு. நொர நின்னு வெறும் டீசல் வந்ததும் நட்ட திரும்ப முடுக்கு. கட்டவெரல ஹேண்டில சுத்திப் புடிக்காத, திருப்பி அடிச்சா ஒடிஞ்சிடும். நாலு வெரலோட சேத்து வச்சுக்க."

நட்டைத் தளர்த்தினேன். நுரை நுரையாக வந்தது, பிறகு டீசல் மட்டும் வந்தது. முடுக்கிவிட்டு, சுற்ற லேசாக இருக்க மேலே இருக்கும் லீவரைத் தூக்கிப் பிடித்துச் சுற்றி, வேகம் வந்ததும் விட்டேன். ஹேண்டில் திருப்பி அடித்துக் கையைவிட்டுப் பறந்தது. நல்லவேளை, விரல் பிழைத்தது. சேற்றில் கிடந்ததை எடுத்துத் துடைத்தேன். "உன்னை இன்னைக்கு விடுறதா இல்லடி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு மறுபடி சுற்றினேன். கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

அன்றும் மறுநாளும் நிறுத்தவே இல்லை. மறுபடி காற்று புகுந்துவிடக் கூடாதென்று, டேங்க் பாதிக்குக் கீழே போவதற்குள் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலை தண்ணீருக்கு மேலே பயிரின் தாள் தெரிந்தது. குனிந்து ஒரு குத்துப் பயிரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. வேர் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாமா பார்த்துக்கொண்டு நின்றார், நிற்கட்டும் என்று அழுதேன்.