தூங்கத் தெரிந்த டிரைவர் தேவை

போன மாதம் பண்ருட்டியில் ஒரு லாரி ஓனர் என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார் — “அண்ணே, உங்களுக்குத் தூங்கத் தெரியுமா?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தூக்கமா? இவருக்கா? சுரங்கத்தில் இருபது வருஷம் கான்ட்ராக்ட் டிப்பர் ஓட்டியவர். எப்போதும் நைட் ஷிப்ட். பட்டப்பகலில் பக்கத்து வீட்டில் போர்வெல் போட்டபோதுகூடப் புரண்டு படுக்காதவர்.

ஆனால் பாருங்கள்... மனிதர் அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார்.

என்னை உங்களுக்கு நெய்வேலியில் ஸ்கூல் பஸ் ஓட்டுபவளாகத் தெரியும். பிள்ளைகள் அடிக்கும் லூட்டியை இந்தப் பக்கத்தில் வாராவாரம் எழுதித் தள்ளியிருக்கிறேன். இந்த வருஷம் மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். அவருடைய கான்ட்ராக்டும் முடிந்தது. இத்தனை வருஷமும் அவர் வீட்டுக்கு வரும்போது நான் கிளம்புவேன். நான் வரும்போது அவர் கிளம்புவார். வாசலில் சாவி மாற்றிக்கொண்டே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள்! இரண்டு பேரிடமும் ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. தூரத்து லோடு லாரிக்கு எப்படியும் இரண்டு டிரைவர் வேண்டும் — ஒருவர் ஓட்ட, ஒருவர் படுக்க. நாமே அந்த இரண்டு பேராக இருந்தால் என்ன?

கம்பெனி தேடக் கிளம்பினோம்.

முதலில் கடலூர். மேனேஜர் அவரிடம் மட்டுமே பேசினார். கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, “அக்காவும் வரட்டும் சார், நல்லதுதான். வழியில ஆக்கிப் போடுவாங்க. கிளீனர்னு எழுதிக்கலாம்” என்றார்.

நான் லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போட்டோ உங்கள மாதிரியே இருக்குதே?”

“நான்தாங்க அது.”

அங்கே டீ வருவதற்குள் எழுந்துவிட்டோம்.

அடுத்து விழுப்புரம். கண்ணாடி ஆபீஸ், புது வண்டி, கேபினில் ஏசி. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! ஆனால் அந்த ஆபீஸ் பையன் சொன்ன விதி என்ன தெரியுமா? வண்டி நிற்கவே கூடாது.

“சாப்பாட்டுக்கு?”

“பார்சல் வாங்கிக்குங்க மேடம். சார் ஓட்டும்போது நீங்க சாப்பிடலாம். நீங்க ஓட்டும்போது சார் சாப்பிடலாம்.”

“குளிக்கறது?”

அதற்குப் பையன் கம்ப்யூட்டரில் தேட ஆரம்பித்தான்!

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்குள் சண்டை. “ஏசி வண்டிய வாணாம்னு சொல்றவள இப்பத்தான் பாக்கறேன்” என்றார் அவர். “மறுபடியும் ஷிப்ட் மாத்தி ஷிப்ட் மூஞ்சிய பாக்காம இருக்கறதுக்கு எதுக்குங்க ஒரே வண்டி?” என்றேன் நான். நெய்வேலி வரும்வரை அவர் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல்.

மூன்றாவதுதான் பண்ருட்டி. ஆறு லாரி வைத்திருக்கும் ஒரு பாய். எங்கள் வயதுதான் இருக்கும். நான் முதலில் ஆபீஸுக்குள் போகவில்லை. யார்டின் பின்பக்கம் போய் பாத்ரூமைப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்தது. தண்ணீரும் வந்தது. பாதி முடிவு அங்கேயே எடுத்துவிட்டேன். டிரிப் ஷீட்டில் இரண்டு டிரைவர் பெயரும் இருக்கும் என்றார் பாய். சாப்பாட்டு நேரத்துக்கு வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதும் அவருடைய கண்டிஷன்.

அப்புறம்தான் அந்தத் தூக்கக் கேள்வி. அதற்கு ஒரு டெஸ்ட் வேறு!

நான் ஓட்ட வேண்டும். பாய் பக்கத்து சீட்டில். வீட்டுக்காரர், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகைப் படுக்கையில் படுத்துத் தூங்க வேண்டும். கும்பகோணம் ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது, பின்னாலிருந்து அவர் குரல்.

“மாடு வருது பாரு!”

“பாத்துட்டேங்க.”

“லெப்ட்ல பைக்கு...”

“அண்ணே, படுங்க” என்றார் பாய்.

படுத்தார். ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தது. பின்னால் ‘டங்’ என்று சத்தம். என்ன என்று பார்த்தால், படுத்தபடியே காலால் பலகையை மிதித்திருக்கிறார். இல்லாத பிரேக்கை!

திரும்பும்போது அவர் ஓட்டினார், நான் படுத்தேன். யார்டு வந்ததும் பாய் இரண்டு தடவை பலகையைத் தட்டி என்னை எழுப்ப வேண்டியிருந்தது.

பாய் சிரித்தார். ஆனால் வேலை தரவில்லை. “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சி ஓட்டறப்ப நீங்க முழிச்சிக்கினே வந்தா, உங்க முறை வர்றப்ப தூங்கி வழிவீங்க. லோடோட அது வேணாம். ஒரு வாரம் கழிச்சி வாங்க.”

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளை என்னை நம்பி அனுப்பினார்கள். கட்டியவருக்கு நம்பிக்கை இல்லையா?

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு, பஸ் ஓனரிடம் சொல்லிவிட்டு அவரைக் காலி பஸ்ஸின் நீள சீட்டில் படுக்கப் போட்டேன். டவுன்ஷிப்பை பிளாக் பிளாக்காகச் சுற்றினேன். ஒரு திருப்பத்தில் தெரிந்த அம்மா ஓடிவந்து கையைக் காட்டினார். “அண்ணனுக்கு என்னாச்சி? ஆஸ்பத்திரிக்கா இட்டுக்கினு போற?”

நல்லாத்தான் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பஸ்ஸை மர நிழலில் நிறுத்திக் கேட்டேவிட்டேன். “என் மேல நம்பிக்கை இல்லியா உங்களுக்கு?”

எழுந்து உட்கார்ந்தார்.

“நம்பிக்கை இல்லாம இல்ல. நீ வண்டி ஓட்டி நான் பாத்ததே இல்ல. நீ ஓட்டறப்பல்லாம் நான் வூட்ல தூங்கிக்கினு இருந்தேன். நேத்து அந்த லாரிய நீ வளைச்சி எடுத்தத பாத்தேன்...” தலையைச் சொறிந்தார். “பாத்துக்கினே இருக்கணும் போல இருந்திச்சி. எங்க தூக்கம் வரும்?”

“அப்ப அந்த பிரேக்கு?”

“அது பழக்க தோஷம்.”

இப்படிப் பேசும் மனிதரோடு எப்படிங்க சண்டை போடுவது? “சரி, நல்லா பாத்துக்குங்க. அலுத்துப் போனதும் தூங்குங்க” என்றேன். நாலு நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் மெயின் பஜார் தாண்டுவதற்குள் கொட்டாவி விட்டார். இருபது வருஷத்தில் ஒரு கொட்டாவிக்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்!

பண்ருட்டியில் மறுபடி டெஸ்ட். அதே ரோடு, அதே மேடு பள்ளம். பின்னால் படுத்த மனிதர் பத்து நிமிஷத்தில் குறட்டை விட்டார். பாய் திரும்பிப் பார்த்துவிட்டு, “போதும் தங்கச்சி, வண்டிய திருப்பு” என்றார்.

“கொஞ்சம் போவட்டும் பாய். பாவம், தூங்கறாரு.”

நாளைக்குக் காலையில் எங்கள் முதல் லோடு கிளம்புகிறது. சற்றுமுன் மகள் போனில் கேட்டாள். “அவ்ளோ சின்ன கேபின்ல நாள் கணக்கா நீங்க ரெண்டு பேரும்... சண்டை வராதாம்மா?”

எப்படிடி வரும்? அதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே!