புளி போட்டு மினுக்கிய ரிவால்வர்

கறுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. நியூசிலாந்தில், ஒனிஹங்காவில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின் வீட்டுக்குப் பின்னால், முன்பு கராஜாக இருந்த இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விசாரணையெல்லாம் முடிந்துவிட்டது. இந்த நாட்டில் இருக்கலாமா, திரும்பிப் போகவேண்டுமா என்று சொல்லும் கடிதம் மட்டும் வரவில்லை. அப்பாவுக்குப் பகலில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, மாலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கையை வைத்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். அவர் முழுதாக விழித்திருந்து நான் பார்த்தது தபால்பெட்டியைத் திறக்கும்போது மட்டும்தான்.

அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வரும்வரை நான் வீட்டுக்கார அம்மாவின் சமையலறையில் இருப்பேன். அந்த வருடம் அவர் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே மகளோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்தார். அலுமாரிகளைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டி வெளியே வந்தது. முதலாம் உலகப் போருக்குப் போன அவருடைய மாமனாரின் பெட்டி. உள்ளே இரண்டு பதக்கங்கள், சில பித்தளைப் பொத்தான்கள், ஒரு ரிவால்வர். குண்டுகளை யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அதை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பழைய ஆயுதங்களை மதிப்பிடுகிற ஒருவர் சனிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. வாரம் முழுவதும் வீட்டுக்கார அம்மாவுக்குக் கல்யாண வீட்டுப் பரபரப்பு. திரைச்சீலைகளைத் துவைத்தார், தேநீர்க் கேத்தலைக்கூடப் பளபளப்பாக்கினார். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்னிடம் ஒரு கட்டு வெள்ளிக் கரண்டிகளைக் கொடுத்து மினுக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

கரண்டிகள் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. மரப்பெட்டி மேசையிலேயே இருந்தது. திறந்து பார்த்தேன். ரிவால்வர் கன்னங்கரேலென்று கிடந்தது. இப்படி ஒரு கறுத்த சாமானை வருகிறவரிடம் காட்டினால் வீட்டுக்கார அம்மாவுக்கு எவ்வளவு வெட்கம் என்று எனக்கு உண்மையாகவே கவலை வந்தது. நவராத்திரிக்கு முன் அம்மா குத்துவிளக்கை எப்படி மினுக்குவார் என்பது எனக்கு அத்துப்படி. எங்கள் அறைக்கு ஓடிப்போய்ப் புளியும் உப்பும் பாத்திரம் தேய்க்கும் கம்பித்தும்பும் எடுத்துவந்தேன். வெளியே தோட்டக் குழாயடியில் குந்தியிருந்து, கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். முதலில் தண்ணீர் கறுப்பாக ஓடியது. பிறகு இரும்பு வெளுத்தது. துடைத்துப் பெட்டிக்குள் வைத்தபோது விளக்கைப் போலவே மின்னியது. பாராட்டு நாளைக்கு வரட்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அலுமாரி தூக்கிக் கொடுப்பதற்காக அப்பாவும் முன்வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் இருந்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் வாசல்படியோடு நின்றுவிட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "இஞ்ச வா பிள்ளை, அதுக்குக் கிட்டப் போகாதை," என்று என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

மதிப்பிட வந்தவர் உயரமான, பொறுமையான மனிதர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் வேலையை ஒழுங்காகச் செய்தார். துவக்கை நடுவில் மடித்துத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தார். குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். அடியில், உருளையில், குழாயில் என்று மூன்று இடத்தில் பொறித்திருந்த எண்களைப் பூதக்கண்ணாடியால் வாசித்தார். மூன்றும் ஒன்றுதான். பாகம் எதுவும் மாற்றப்படாத அசல் துவக்கு, இப்படிக் கிடைப்பது அருமை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். தொழிற்சாலையில் போட்ட நீலங்கலந்த கறுப்புப் பூச்சு இதில் இருந்திருக்க வேண்டும், அதுதான் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது, அது போனால் முக்கால்வாசி மதிப்பும் போய்விடும், திரும்பப் பூசினாலும் வராது என்றார். பேசிக்கொண்டே சின்ன இடுக்கியால் விசையின் இடுக்கிலிருந்து எதையோ இழுத்தெடுத்து வெள்ளைக் கையுறையில் வைத்துப் பார்த்தார்.

அது ஒரு புளித்தும்பு. அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். கம்பித்தும்பு கீறிய கோடுகள் உள்ளங்கையில் சிவப்பாக இருந்தன.

"யார் இதைச் சுத்தம் செய்தது?" என்று வந்தவர் கேட்டார்.

வீட்டுக்கார அம்மா திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். எவ்வளவு தேய்த்தேன், எத்தனை தரம் கழுவினேன் என்று சொல்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது. அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

"வாயைத் திறக்காதை," என்றார் மெதுவாக. பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மீ. ஐ கிளீன்," என்றார்.

துவக்கைக் கையாள அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று வந்தவர் கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். தன் அறிக்கையில் எழுத வேண்டும் என்று சொல்லி அப்பாவின் பெயரைக் கேட்டார். எங்கள் நீளமான பெயரை அப்பா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவர் குரலில் வழக்கமான களைப்பைத் தவிர வேறொன்றும் எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் அறைக்கு வந்து அப்பா நடந்ததைச் சொன்னதும் அம்மா வெடித்தார். "உங்களுக்கு என்ன விசரே? கடிதம் வாற நேரத்தில ஆரும் இப்பிடிச் சொல்லுவினமே?"

"பிள்ளையின்ர கையில துவக்கு இருந்தது எண்டு எழுதினால் வந்து பிள்ளையை எல்லோ விசாரிப்பாங்கள்," என்றார் அப்பா. "என்னை விசாரிக்கட்டும். எனக்குப் பழக்கம்தானே." சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்துவிட்டார்.

யாரும் வந்து விசாரிக்கவில்லை. கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது, நல்ல முடிவோடு. அந்த இரண்டு மாதமும் தெருவில் கார் நின்றால் அப்பா எழுந்து உட்கார்ந்தார். நான் அவரோடு பேசவில்லை. நான் தேய்த்த தேய்ப்பையெல்லாம் தன்னுடையது என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்ட மனிதரோடு என்ன பேச்சு? எப்படியாவது அவருக்கு ஏச்சு விழ வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

போன மாதம் லின்ஃபீல்டில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு பத்திரம் தேடப்போய்ப் பழைய அகதி விசாரணையின் பிரதி கையில் அகப்பட்டது. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றும் அவருடைய களைப்பு தீரவில்லை. அந்த விசாரணையில் அவரிடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாக ஐந்து தரம் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் எப்போதாவது துவக்கைக் கையில் எடுத்ததுண்டா? ஐந்து தரமும் ஒரே பதில். இல்லை, நான் தொட்டதே இல்லை. இதையே சொல்லித்தான் ஊரில் இராணுவ முகாமில் பதினொரு மாதம் அடிவாங்கினேன், சொல்வதை மாற்றவில்லை.

அவர் அங்கே அடிபட்டபோதும் மாற்றாத அந்தச் சொல்லை, ஒனிஹங்காவில் ஒரு சனிக்கிழமை காலை, யாரும் அடிக்காமலே மாற்றிச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பாராட்டை அவர் தட்டிப் பறித்துவிட்டார் என்று அழுதுகொண்டு நின்றேன்.