டாக்டர் வேடத்தில் இளங்கோவன்

என் அக்கா சந்திரம்மா தன் புருஷனை முதலில் பார்த்தது சுவரில். ஆளை அல்ல, பேரை. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு எதிரே ரேஷன் கடைச் சுவரில் வரிசையாக நாடக போஸ்டர் ஒட்டியிருந்தது. ‘எதிர்க்கட்சி வக்கீல்’ என்று கொட்டை எழுத்து, கீழே நடிகர்கள் பேர், எல்லாருக்கும் கடைசியில் ‘டாக்டர் வேடத்தில் இளங்கோவன்’. அக்கா எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். அடுத்த போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்த ஆள் பசை வாளியோடு திரும்பி, "அது நான்தான்" என்றார். ஏதோ ஓர் ஆபீஸ்காரர்கள் போடும் நாடகத்துக்கு, டிக்கெட் வாங்க ஓர் ஆள்கூட இல்லாத எங்கள் தெருவில் இத்தனை போஸ்டர் எதற்கு என்று யாராவது அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த அளவுக்குப் புத்தி கிடையாது.

அப்போது அக்காவுக்கு அடுகோடியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மஞ்சுநாத் என்று பேர், சொந்த லேத் பட்டறை, தங்கமான மனுஷன். அக்கா சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

"லேத்து ஓட்டறவன் அடுகோடி பூரா இருக்கான். போஸ்டர்ல பேர் வர்றவன் எத்தினி பேருப்பா இருக்கான்?" என்று அப்பாவையே மடக்கினாள்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டு இளங்கோவனுக்கே கட்டி வைத்தார். அதற்குள் நாடகம் நின்றுவிட்டது. அதில் பெரிய வேஷம் கட்டிய அதிகாரி சீனிவாசராகவனை தார்வாடுக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்கு முன்னாலும் வயசுப் பெண்ணை ஹாலுக்கு அனுப்பிக் கூத்துப் பார்க்க விடுகிற வீடு அல்ல எங்களுடையது. ஆகவே என் அக்கா, புருஷன் நடித்த நாடகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பார்க்காவிட்டால் என்ன, கேட்டிருக்கிறாளே. ஆபீஸில் மாமா வெறும் பியூன். எங்கள் தெருவில் அவர் டாக்டர். வீட்டுக்கு வழி கேட்டால், "டாக்டர் வீடா, குழாய் தாண்டி" என்பார்கள். ‘டாக்டராக வரும் இளங்கோவன் நாடகத்தையே தூக்கி நிறுத்துகிறார்’ என்று பேப்பரில் வந்த விமர்சனத்தை அக்கா கண்ணாடிச் சட்டம் போட்டு அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அவளுக்கு ஜுரம் வந்தால் போதும், மாமா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குரலை இறக்கி டாக்டர் வசனத்தை ஆரம்பித்துவிடுவார். "பயப்படாதீங்க, இன்னும் துடிக்குது. செத்தவன் கையையும் நான் பிடிச்சிருக்கேன். அது வேற மாதிரி இருக்கும்." அக்கா ஜுரத்தோடு சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. நான் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவள், நிஜ டாக்டர்களையே நிறையப் பார்த்தாகிவிட்டது. இந்த மனுஷன் வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டார். ஆபீஸில் கிளார்க் ஆவதற்குப் பரீட்சை எழுதச் சொன்னார்கள், கலைஞனுக்கு அதெல்லாம் சரிப்படாது என்றுவிட்டார். அக்கா கார்மென்ட்ஸில் தையல் மிஷினோடு மிஷினாகத் தேய்ந்து இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். நான் திட்டினால், "அவரு வேற மாதிரி ஆளுடி. உனக்கு அதெல்லாம் புரியாது" என்பாள். அந்தப் பேர் ஒன்றை நம்பித்தான் அவள் அத்தனையும் பொறுத்தாள்.

போன வருஷம் ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். பேர் ரித்விக், அந்த சீனிவாசராகவனின் பேரன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறு நாடகம்.

"அங்கிள், தாத்தாவோட நாடகத்தை ரீமேக் பண்றோம். நான்தான் லீட். நீங்க ஒரிஜினல் டீம்னு தாத்தா சொன்னார். ஆன்ட்டியை கண்டிப்பா கூட்டிண்டு வரணுமாம். ஃபர்ஸ்ட் ரோ."

ஒரு கட்டு பாஸ் கொடுத்துவிட்டுப் போனான். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் தன் டெம்போவை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையிலேயே மாமா என் வீட்டு வாசலில் நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"விஜி, உங்க அக்கா அந்த நாடகத்தைப் பாக்கக் கூடாது. நீதான் எப்டியாவது தடுக்கணும்."

"ஏன், இன்னா ஆச்சு?"

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. நாடகத்தின் கதை இதுதான். ஜென்மப் பகையோடு இரண்டு வக்கீல்கள். ஒருவன் மற்றவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சுட்டுவிடுகிறான். இடைவேளைக்குப் பிறகு, சுட்டவன் பயத்தில் நோவு கண்டு படுக்க, தாடி வைத்த டாக்டர் ஒருவர் வருகிறார். நாடி பார்க்கிற சாக்கில் கேள்வி கேட்டுக் கேட்டே அவனைப் பைத்தியமாக்குகிறார். கடைசியில் டாக்டர் தாடியைப் பிய்த்து எறிகிறார். பார்த்தால், சுடப்பட்ட அதே வக்கீல். சாகாமல் பிழைத்துப் பழிவாங்க வந்திருக்கிறான்.

அதாவது சுடப்பட்டவனும் டாக்டரும் ஒரே நடிகர். அந்த சீனிவாசராகவன். அது முன்னாலேயே தெரிந்தால் நாடகம் செத்தது. ஆகவே டாக்டர் வேடத்துக்கு வேறு ஒரு பேர் போட வேண்டும். ஆபீஸில் இல்லாத பேரைப் போட்டால் இது யாரப்பா என்று கிளம்புவார்கள். டீ வாங்கி வந்து, திரை இழுத்து, போஸ்டர் ஒட்டுகிற பியூன் இருந்தான். அவன் பேரைப் போட்டார்கள். நாடகம் முடிந்ததும், முடிவை வெளியில் சொல்லாதீர்கள் என்று மைக்கில் கேட்டுக்கொள்வார்களாம். பார்த்தவர்கள் சொல்லவில்லை. விமர்சனம் எழுதிய மகராஜனும் சொல்லவில்லை. ஆபீஸில் அவரை டாக்டர் என்று கூப்பிட்டது கிண்டல், எங்கள் தெருவில் கூப்பிட்டது மரியாதை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செம்பைத் தூக்கி அடித்திருப்பேன்.

"நாப்பது வருஷமா வாயில இன்னா மாமா, கொழுக்கட்டையா வெச்சினு இருந்தே?"

"மொதல்ல சும்னே, வெளையாட்டுக்குச் சொன்னேன் விஜி. பொண்ணு சிரிச்சா, சொன்னேன். அப்புறம் அதுக்காகவே அந்த லேத்துக்காரனை வேணான்னுட்டா. அதுக்கப்புறம் எப்டிச் சொல்றது?"

"இப்பப் போய் சொல்லு. அடிச்சாலும் வாங்கிக்கோ."

"அவ என்கூட இருக்கறதே அதுக்குத்தான். வேற இன்னா இருக்குது என்கிட்ட?"

உண்மையிலேயே அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

அந்த சீனிவாசராகவன் சாரைப் பார்த்துக் காலில் விழுந்தாவது நிறுத்தலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு மல்லேஸ்வரத்துக்குப் போனார். நல்ல பெரிய ஃபிளாட். சீனிவாசராகவன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியும் குரல் கணீரென்று இருந்தது.

"வாடா இளங்கோவா. டாக்டர் எப்படி இருக்கார்?"

மாமா நின்றபடியே கேட்டார். "சார், டாக்டர் வேஷத்துக்கு வேற ஒரு ஆளைப் போடுங்க சார். அன்னிக்கு ஒரு ஷோ மட்டும். என் பொண்டாட்டி வர்றா."

"அந்த நாடகத்துக்கு உசிரே ரெண்டும் ஒரே ஆள்ங்கறதுதானேடா. அதை எடுத்துட்டா என்ன இருக்கு?"

"அப்போ எங்களுக்கு பாஸ் இல்லன்னு சொல்லிடுங்க சார்."

அவர் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "பேப்பர்ல உன்னைப் பத்தி எழுதினானே, ஞாபகம் இருக்கா? எங்கம்மா மைசூர்ல படுத்த படுக்கையா இருந்தா. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, ‘யாருடா அந்த இளங்கோவன், உன்னைவிட நன்னா நடிக்கிறானாமே’ன்னா. நாடகம் ஓடிண்டிருக்கு, ரகசியத்தை எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். போய்ட்டா. தன் பிள்ளையைவிட பியூன் நல்ல நடிகன்னு நினைச்சுண்டே போய்ட்டா."

"அது என் தப்பு இல்ல சார்."

"இல்லைதான். ஆனா நாடகம் முடிஞ்சு இத்தனை வருஷம் அந்தப் பேரை வெச்சுண்டு நீ வாழ்ந்தியே, அது யார் தப்பு? உன் பொண்டாட்டி வரணும்னுதான் பாஸே அனுப்பினேன்."

அவர் மனைவி ருக்மிணி எங்களுக்குக் காபி கொண்டு வந்தார். மாமா தொடவில்லை. நான் மரியாதைக்குக் குடித்தேன். ஜெயித்தவர் முகம் மாதிரியும் இல்லை அந்த ஆள் முகம். இத்தனை வருஷமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகத்தன்று மதியம் மாமாவுக்கு நெஞ்சு வலி. அக்கா இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்து, பட்டுச் சட்டையை மாட்டிவிட்டு, "பயம். பழைய ஆளுங்க எல்லாம் வருவாங்க இல்ல, அதான்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டினவன் சொல்ல வேண்டியதை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு.

ரீமேக்கில் வக்கீல்களே இல்லை. கம்பெனி நடத்துகிற இரண்டு கூட்டாளிகளாக மாற்றிவிட்டார்கள். மடியில் லேப்டாப், வாயில் பாதி இங்கிலீஷ். வக்கீல் இல்லாத நாடகத்துக்கு எதற்கு வக்கீல் பேர் என்று கேட்டால், பழைய நாடகத்துக்கு மரியாதையாம். டைரக்டர் நிருபமா என்ற பெண் முதலிலேயே மேடைக்கு வந்து சொன்னாள். ஆனால் டாக்டர் வசனத்தையும் சுடுவதையும் மட்டும் மாற்றவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு அக்கா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இடைவேளையில் மாமா அவள் காதருகே குனிந்தார். "சந்திரா, வீட்டுக்குப் போயிடலாம். ஒரு விஷயம் சொல்லணும்."

"இன்னாய்யா நீ, இனிமேதானே உன் பார்ட்டே வருது" என்று அவர் தொடையில் தட்டி உட்கார வைத்துவிட்டாள்.

அவரும் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வந்தார். வெள்ளைத் தாடி, கையில் பை. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தார். அக்காவின் உதடு கூடவே அசைந்தது. ஒரு வார்த்தை பிசகாமல் அத்தனை வசனமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "இந்தப் பையன் ஓட்டமா ஓட்டறான். உங்க மாமா நிறுத்திச் சொல்வாரு" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

பிறகு அவன் தாடியைப் பிய்த்தான். சுடப்பட்ட அதே ரித்விக். ஹால் முழுக்க எழுந்து கைதட்டியது. அக்காவும் எழுந்தாள். தட்டப் போன கை பாதியில் நின்றது.

"இவங்க மாத்திட்டாங்க போல இருக்குது. உன் நாடகத்துல டாக்டர் வேற ஆளுதானே?" என்று மாமாவைக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவர் சொல்லாததை மேடையில் சொன்னார்கள். சீனிவாசராகவன் மைக்கைப் பிடித்தார். "அந்தக் காலத்துல ரெண்டு வேஷமும் நான்தான் கட்டினேன். ரகசியத்தைக் காப்பாத்த டாக்டருக்குப் பேர் மட்டும் கடன் குடுத்தவர் எங்க ஆபீஸ் பியூன் இளங்கோவன். அவர் ஒரு நாள்கூட மேடை ஏறினதில்லை. இன்னிக்காவது ஏறட்டும். வா, இளங்கோவா."

ஜனம் சிரித்தது. நல்ல சிரிப்புதான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மாமா ஏறினார், சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பின் வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ இவரு அங்க இன்னாதான்டி பண்ணாரு?" என்று அக்கா கேட்டாள்.

"டீ வாங்கினு வருவாராம்க்கா."

டெம்போவில் ஓஸ்வால்ட் மட்டும் ஒரு தடவை, "டிராஃபிக் ஜாஸ்தி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா புடவை மாற்றினாள். பூவை எடுத்து அலமாரியில் வைத்தாள். விளக்கேற்றி, ரசத்தைச் சூடு பண்ணி, மாமாவுக்குத் தட்டு வைத்தாள். அவர் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏதாவது திட்டு, சந்திரா. அடிக்கணும்னாலும் அடி."

"யாரைத் திட்டறது?" அவள் குரல் உயரவேயில்லை. "நான் கட்டிக்கினது அந்த டாக்டரை. அப்பிடி ஒரு ஆளே கிடையாதுன்னு இன்னிக்கு மைக்ல சொல்லிட்டாங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. சாப்பிடுங்க."

அவரை அவள் அதுவரை ‘நீங்க’ என்று சொல்லிக் கேட்டதே இல்லை.

அன்று முதல் அக்கா என் வீட்டில்தான் படுக்கிறாள். காலையில் போய் அவருக்குச் சமைத்து வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வருகிறாள். அவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறாள். வயசான காலத்தில் இது என்னக்கா, நாலு வார்த்தை கத்திவிட்டு ஒன்றாக இருந்து தொலையுங்களேன் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"எனக்கு அவரு மேல கோவமே இல்லடி" என்கிறாள்.

கோபம் இருந்தால் என்றைக்காவது தணியும் என்று நானாவது காத்துக்கொண்டிருப்பேன்.