கரி லாரிக்கு நான் பூட்டிய ஊதி

அவர் அன்று குடித்திருக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போதும் நிதானமாகச் சொல்ல வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

யுத்த காலம். காட்டில் ஒரு பகுதியை வெட்டுவதற்கு ஏலம் எடுப்பதைக் கூப்பு எடுப்பது என்பார்கள். அப்படிக் கூப்பு எடுத்திருந்த ஒரு முதலாளியிடம், பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஷெட்டில், நான் வேலை பார்த்தேன். சேலத்தில் இன்டர்மீடியட் தேறியவன். இங்கிலீஷில் இன்ஜின் புத்தகம் படிக்கத் தெரியும் என்பதே அந்த வட்டாரத்தில் என்னைப் பெரிய ஆளாக்கியிருந்தது.

எங்களிடம் ஒரு லாரி. வில்பட்டைகளைக் கூட்டி உயரமாக்கி, பாறையிலும் ஓடை மணலிலும் ஏறி இறங்க அதைப் பழக்கியிருந்தோம். பெட்ரோல் கூப்பனுக்கு மட்டுமே கிடைக்கும் என்றானதும், மற்றவர்களைப் போல நாங்களும் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு உலையைக் கட்டினோம். உலையில் கரி எரியும். அதிலிருந்து வரும் வாயுவை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டு ஓடும். ஓடும் என்றால் ஊரும். பாதி பலம் போய்விட்டது. கூப்புக்கும் பொம்மிடிக்கும் நடுவே ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அங்கே வந்ததும் பாதிக் கட்டையை இறக்கி, கூலியாட்கள் தோளில் சுமந்து மேலே போய் மறுபடி ஏற்ற வேண்டும்.

"ஏனுங்க இன்டர்மீடியட்டு, அடுத்த வாரத்துலேர்ந்து முன்னால ரெண்டு மாட்டப் பூட்டிரலாமுங்களா?" என்று முதலாளி எல்லார் முன்னிலையிலும் கேட்டார். கூலியாட்கள் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பார்த்து இரக்கப்பட இவர் யார்?

டிரைவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அதியமான்கோட்டைப் பக்கம் நிலம் வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். இளவயதில் குடித்துத் திரிந்து, பிறகு மாதா கோயிலில் சத்தியம் செய்து அடியோடு விட்டவர். நான் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன்.

மேலே போகப் போகக் காற்று மெலிவதால், ஆகாய விமானத்து இன்ஜினுக்குள் விசிறி வைத்துக் காற்றைத் திணிக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். எங்கள் இன்ஜினுக்கும் மூச்சுதானே குறை? சேலத்தில் மூடிக் கிடந்த ஒரு வார்ப்புப் பட்டறையில் உலைக்குக் காற்று ஊதும் யந்திரம் ஒன்று கிடைத்தது. அதை டிரைவரின் காலடிப் பலகைக்குக் கீழே பூட்டி, இன்ஜினிலிருந்து பெல்ட் கொடுத்துச் சுழல வைத்தேன். இன்று ஜீப்புகளுக்கு டர்போ பூட்டுகிறார்கள். அது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்கிறது, என்னுடையது பெல்ட்டில் சுழன்றது. வேலை ஒன்றுதான். நாங்கள் அதை ஊதி என்றோம்.

முதல் நாளே லாரி முழுச் சுமையோடு ஏற்றத்தில் ஏறி நின்றது. "கரியத் தின்னுபோட்டு காங்கேயம் காளையாட்டம் ஏறுதுங்க சார்" என்றார் டிரைவர். முதலாளி என் தோளைத் தட்டினார். அன்றைக்கு எனக்கு ஏறிய போதை எந்தச் சாராயத்திலும் கிடையாது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். கரி வண்டிகளில் குழாய்கள் சேரும் இடத்தில் சாக்குக் கயிறு சுற்றி, மேலே களிமண் பூசுவது வழக்கம். அது போதும். ஏனென்றால் உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், இழுவை குறையும், அவ்வளவுதான். ஊதுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். உள்ளே இருப்பது ஆளைக் கொல்லும் வாயு. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அப்படியிருந்தும், ஊதியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயை டிரைவர் சீட்டுக்கு அடியில் வளைத்துக் கொண்டுபோய், இரண்டு இணைப்புகளிலும் கயிறு சுற்றிக் களிமண் பூசினேன். கை பழக்கத்தில் செய்தது. ஐப்பசி மழைக்காக டிரைவருக்கு இரண்டு பக்கமும் தார்ப்பாய் வேறு கட்டியிருந்தோம்.

நாலாம் நாள் டிரைவர் வந்தார். "தல வலியில மண்ட வுட்டுப் போவுதுங்க சார். எறங்கி நின்னா சரியாவுது, ஏறி ஒக்காந்தா மறுபடி புடிச்சுக்குது."

"மழைக் குளிருதான் அண்ணே, கொஞ்சம் வெயில்ல நில்லுங்க, சரியாயிடும்."

மறுநாள் மறுபடி வந்தார். ஓட்டை பார்ப்பதற்கு டிரைவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இன்ஜின் ஓடும்போது இணைப்புக்குப் பக்கத்தில் பீடியைப் பிடிப்பார்கள். புகை உள்ளே இழுபட்டால் அங்கே ஓட்டை.

"சீட்டுக்கு அடியில பீடியக் காட்டிப் பாத்தனுங்க. பொகைய உள்ள இழுக்கல. வெளிய தள்ளுதுங்க. என்னன்னு செத்த வந்து பாருங்க."

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே பொய் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. ஷெட்டில் முதலாளி இருந்தார், கூலியாட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பீடி என் ஊதியைக் குற்றம் சொல்வதா?

"இன்ஜின் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? ஓட்ட முடியலேன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவரை நான் 'நீ' என்றது அன்றுதான். "செரிங்க சார்" என்று போய் வண்டியில் ஏறினார்.

அதற்கு அடுத்த நாள் மழை. லாரி ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தது. நான் கூலியாட்களோடு மேலே, கட்டைகளின் மேல், நல்ல காற்றில் உட்கார்ந்திருந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி பாதையை விட்டு விலகி ஒரு புளியமரத்தில் இடித்து நின்றது. இறங்கி ஓடினோம். டிரைவர் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு கீழே விழுந்தார். வாந்தி எடுத்தார். எழுந்து நின்று தள்ளாடி மறுபடி விழுந்தார். முகம் சிவந்திருந்தது, நாக்குக் குழறியது.

அப்போது எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு. சாராயம் காய்ச்சுகிறவர்களைத் தேடிக் காட்டுக்கு வந்திருந்த போலீஸ் ஏட்டு ஒருவர் சத்தம் கேட்டு வந்தார். குனிந்து டிரைவரின் வாயை முகர்ந்தார்.

"வாசம் வரலயே. ஆனா மூஞ்சி எப்பிடிச் செவந்திருக்குது பாருங்க. சார் படிச்சவரு, நீங்க சொல்லுங்க. குடிதானுங்களா?"

டிரைவர் தரையில் கிடந்தபடி என்னையே பார்த்தார்.

"ஆமாம்" என்றேன். அத்தோடு விட்டேனா? "வாந்தி எடுத்துட்டாரு, வாசம் எங்க நிக்கும்? முன்னாலயே பழக்கம் உண்டு" என்றேன். படிப்பு எனக்கு அந்தச் சமயத்தில்தான் நன்றாகக் கைகொடுத்தது.

ஏட்டு டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து டிரைவரின் மனைவி ஷெட்டுக்கு வந்தார். "அய்யா, அவரு மாதா முன்னால மெழுகுவத்தி புடிச்சுச் சத்தியம் பண்ணவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கோர்ட்டுல கேப்பாங்க."

"நான் பாத்ததத்தானம்மா சொன்னேன்."

அதையே கோர்ட்டிலும் சொன்னேன். அவர் ஜெயிலுக்குப் போனார். லைசென்ஸும் போயிற்று. அவர் உள்ளே இருந்த நாட்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊதியைக் கழற்றி மறுபடி பூட்டி, குழாயை வண்டிக்கு வெளியே கொண்டுபோய், இணைப்புகளைப் பித்தளை வைத்துப் பற்றவைத்தேன். புதிய டிரைவருக்குத் தலைவலி வரவில்லை.

விடுதலையானதும் அவர் தம் துணிமூட்டையை எடுத்துப் போக ஷெட்டுக்கு வந்தார். லாரியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். அங்கே குழாய் இல்லை. வெளியே இருந்த பித்தளை இணைப்பை விரலால் தடவினார்.

"மாத்திட்டீங்களா சார்?"

"ம்."

"நல்லாப் பூட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் சட்டையைப் பிடித்திருந்தால் அவரை வெறுத்து நிம்மதி அடைந்திருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை என்று அன்று முழுக்க அவர் மேல்தான் கோபத்தில் எரிந்துகொண்டிருந்தேன். அப்படிப்பட்டவன் நான்.

சென்ற மாதம் அதியமான்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அவர் செத்து வெகுகாலம் ஆகிறது, மகன் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வழி கேட்டேன். இன்னார் என்று சொல்லியும் கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. பிறகு, "ஓ, குடிகார டிரைவர் வூடுங்களா?" என்றார்.

"ஆமாம்" என்றேன். மறுபடி அதே ஆமாம்.

மகனுக்கே அறுபது வயது இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா எங்ககிட்டச் சொல்லியிருக்காருங்க. வூட்ல எல்லாத்துக்கும் தெரியும். எங்கம்மா நம்புனாங்க, நாங்களும் நம்புனோம். நீங்க இத எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? அந்த டீக்கடையில போயிச் சொல்லிட்டுப் போங்க."

கடைக்கு வந்தேன். ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "வூட்டக் கண்டுபுடிச்சிட்டீங்களா பெரியவரே?" என்று கடைக்காரர் கேட்டார். வாயைத் திறந்தேன். தர்மபுரி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

இதை அச்சில் போடுகிறவர்கள் அந்தக் கடைக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். யாராவது ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும்.