அப்பா ஏரியில் கழுவும் வண்டி

இன்று காலை நண்டுக் கூடைகளோடு போகும்போது எங்கள் பிக்கப் வண்டியின் அடியில் "டங்" என்று ஒரு சத்தம். அதோடு வண்டி நின்றுவிட்டது.

செத்த நண்டை வியாபாரி தொடக்கூட மாட்டார். அப்பா கூடைகள்மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

அவர் வந்து வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டிலிருந்து, கூட்டல் குறி போலிருக்கும் ஜாயின்ட் கிராஸைக் கழற்றினார். உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய பேரிங், துருப்பிடித்துக் காப்பித்தூளாகக் கொட்டியது.

"இன்னாண்ணே, கிரீஸே அடிக்கலியா?"

"வாரா வாரம் கழுவறேன்பா!" என்றார் அப்பா பெருமையாக.

"எதுல?"

"ஏரிலதான். பின் டயர் முழுகற வரைக்கும் எறக்கித் தேய்ப்பேன்."

"கடத்தண்ணி வந்து கலக்கற ஏரியாச்சே, உப்புத் தண்ணிலயா! போட் இன்ஜினையும் அப்டித்தான் கழுவுவியா?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது இன்ஜின்பா! அதுக்கு லாரித் தண்ணிதான்."

லாரித் தண்ணீர் என்பது அம்மாவும் நானும் வரிசையில் நின்று பிடிக்கும் குடிநீர்.

"தண்ணில எறக்குனா ஒடனே கிரீஸ் அடிக்கணும்னு வண்டியோட வந்த புக்குலயே போட்டிருக்கு நைனா" என்றேன் அப்பாவிடம்.

"புக்கு எழுதுனவன் நம்ம ஏரியப் பாத்துகிறானா?"

புது கிராஸ் மாட்டி, கிரீஸ் அடித்து முடிப்பதற்குள் நண்டுகள் நுரை தள்ளிவிட்டன. ஆனாலும் உயிரோடு போய்ச் சேர்ந்தன. திரும்பும் வழியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார்.

"இனிமே வண்டிக்கும் லாரித் தண்ணிதான்."

ஆக, எங்கள் வீட்டில் குடிநீர் முதலில் இன்ஜினுக்கு, அடுத்து வண்டிக்கு, மிச்சமிருந்தால் எங்களுக்கு. உங்கள் வீட்டில் நீங்கள் எத்தனையாவது இடம்?